மூலைக்கு மூலை ட

“கண்ணு, அம்மாவுக்கு இன்னைக்கு ஒரு ட புடிச்சுக் குடுங்க பாக்கலாம்” என்று மெர்சி செல்போனைப் பார்த்துச் சொல்கிறாள். மாலை ஐந்து மணி. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரின் கிழக்கு ஓரத்தில்தான் நிற்பாள். சிக்னல் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கிறது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. அந்த ஓரத்தில் நான் துணி காயப்போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

அந்தப் பக்கம், வால்பாறையில், நான்கு வயது ஜெனிஷா அப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறாள். திரையில் தரை ஓடுகிறது, சுவர் சாய்கிறது, ஒரு கட்டைவிரல் வந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. பிறகு கட்டிலின் தலைமாடும் சட்டமும் சேருகிற இடத்தில் படம் நிற்கிறது. மேலிருந்து ஒரு கோடு, கீழே வந்து வலதுபக்கம் ஒரு திருப்பம். ட தான், சந்தேகமில்லை. அடுத்தது அலமாரித் தட்டு. அதற்கடுத்தது பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கவாட்டுத் தோற்றம். இடதுபக்கம் திரும்பியிருந்தால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். “அது கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கற ட-ங்க அம்மணி” என்பாள். ஜெனிஷா போனைக் கீழே வைத்துவிட்டு, கோபித்துக்கொண்ட சாமானைச் சமாதானப்படுத்தித் திருப்பி வைக்கப் பார்ப்பாள். ஒருமுறை முக்காலியைத் திருப்பப் போய்க் காலில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஆட்டம் அழுகையில் முடிந்தது.

மெர்சிக்கு முப்பது வயதிருக்கலாம். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. தேயிலைக் கொழுந்து பறித்த பழக்கமோ என்னவோ, எதை எடுத்தாலும் இரண்டு கையாலும் எடுப்பாள். இங்கே நூல்மில்லில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. எங்கள் கீழ்ப் போர்ஷனில், அதே மில்லுக்குப் போகும் மூன்று பெண்களோடு தங்கியிருக்கிறாள். காலை ஷிப்ட் முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மற்றவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்துவிடுவார்கள். இவள் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு துணுக்காகப் பிய்த்தெடுப்பாள். வந்த புதிதில் அப்படியே வீடியோ காலில் பேசப் போக, அம்மாவுக்கு ஏன் நரைத்துவிட்டது என்று குழந்தை கேட்டுவிட்டதாம்.

கணவர் ரூபன் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறார். அவருக்கு வேலை இருக்கிறவரைதான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு அவர்களுடையது. ஜெனிஷா பெரிய பள்ளிக்கூடம் போவதற்குள் கீழே சமவெளியில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று இரண்டு பேருமாகத்தான் முடிவெடுத்தார்கள். இங்கே வந்த முதல் வாரம் மெர்சி அழுதாள் என்று அவளோடு தங்கியிருக்கும் பெண்கள் சொன்னார்கள். நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அவள் ட தேடுவதைத்தான்.

எல்லாப் பிள்ளைகளும் அ-வில் தொடங்கும்போது இவள் ஏன் ட-வைப் பிடித்துக்கொண்டாள் என்று கேட்டேன். “அ ரொம்பச் சுத்துதுங்கக்கா. இது நேரா வந்து ஒரே திருப்பு” என்றாள். நானும் நம்பினேன். ஆனால் ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பிள்ளை காட்டுகிற எழுத்தை அவள் பார்ப்பதேயில்லை. எழுத்துக்குப் பின்னால் பார்க்கிறாள். கொடியில் கிடக்கிற துணி, மடிக்காத போர்வை, சுவரில் புதிதாக இறங்கியிருக்கிற ஈரம். “அந்தப் பக்கம் ட இல்லீங்களா கண்ணு? ஜன்னலுக்குக் கீழே?” என்று பிள்ளையை ஒவ்வொரு மூலையாக அனுப்புகிறாள். அ-வைத் தேடச் சொன்னால் குழந்தை எங்கே போகும்? ட மட்டும்தான் எல்லா மூலையிலும் இருக்கிறது.

சமையலறைக்குள் போனால் மட்டும் படம் உறைந்துபோகும். வாசற்படிவரை வந்து நின்றுவிடும். ஒரு சாயங்காலம் எப்படியோ உள்ளேயும் சிக்னல் கிடைத்தது. அடுப்பு மேடை, பாத்திரங்கள், தட்டின் மூலை எல்லாம் வரிசையாக வந்து போயின. பேசி முடித்துவிட்டு மெர்சி வெகுநேரம் அங்கேயே நின்றாள். என்னவென்று கேட்டேன். “உப்பு டப்பாவ எடம் மாத்தி வெச்சுட்டாருங்கக்கா” என்றாள்.

போன கிறிஸ்துமஸுக்குத்தான் அவளுக்கு முதன்முதலாக நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது. உக்கடம் போய், பொள்ளாச்சி போய், மலைப் பேருந்தில் ஏறினாள். ரூபன் பிள்ளையோடு நிறுத்தத்துக்கு வந்திருந்தார். மெர்சி இறங்கிக் கையை நீட்டியதும் ஜெனிஷா அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். அவளோ அப்பாவின் சட்டைப்பைக்குக் கையை எட்டியபடி சொன்னாள்:

“இவங்க யாருப்பா? எங்கம்மா போனுக்குள்ளார இருக்காங்க.”

ரூபன் சிரித்துச் சமாளித்தார். மெர்சியும் சிரித்தாள். அன்று முழுக்கக் குழந்தை அப்பா ஊட்டினால்தான் சாப்பிட்டது. படுக்கும்போது அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் ரூபனுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் போ என்று பிள்ளையை அதட்டினார். மெர்சிதான் தடுத்தாள். “வையாதீங்க. அவ மேல தப்பில்லீங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், உப்பு டப்பா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். டப்பாவைப் பழைய இடத்துக்கே மாற்றி வைக்கத் தோன்றவில்லை என்றாள் என்னிடம்.

மாலை ஐந்தானது. ஜெனிஷா தானாகவே போனை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் நீட்டினாள். அம்மாவைக் கூப்பிடு என்றாள். உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ரூபன் என்ன செய்வார்? மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மெர்சி கையைத் துடைத்தாள், தன் போனை எடுத்தாள், பின்வாசல் வழியாக வெளியேறினாள். லைன் வீடுகளைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, சுவரோரமாக உட்கார்ந்து கூப்பிட்டாள்.

உள்ளே பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். கட்டிலைக் காட்டினாள், நாற்காலியைக் காட்டினாள். “அதெல்லாம் பழைய ட-ங்க கண்ணு. வாசல்ல புதுசா ஒண்ணு வந்திருக்குதாமா” என்றாள் மெர்சி. சொல்லிவிட்டு முதுகை நிமிர்த்திச் சுவரில் ஒட்டவைத்து, இரண்டு காலையும் சேர்த்து நேராக நீட்டிக்கொண்டாள். தூரத்தில் தேயிலைக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெனிஷா போனும் கையுமாக வெளியே வந்தாள். நின்றாள். போனுக்குள் இருக்கிற முகத்தைப் பார்த்தாள், சுவரோரம் இருக்கிற முகத்தைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, காற்றிலேயே, மெர்சியின் உச்சியிலிருந்து கீழே கோடு இழுத்து, இடுப்பில் திருப்பி, கால் பெருவிரல்வரை கொண்டுபோனாள். ட என்று போனுக்குள்தான் சொன்னாள்.

“ரெண்டு தரம் கேட்டுச்சுங்கக்கா. நேரா ஒருக்கா, அப்பறம் எங் கையில இருக்கற போன்ல ஒருக்கா” என்று மெர்சி என்னிடம் சொன்னாள்.

பிள்ளை வந்து, நீட்டியிருந்த கால்மேல் உட்கார்ந்துகொண்டதாம். கால் மரத்துப்போயும் மெர்சி அசையவில்லை. இருட்டி, பனி இறங்கி, ரூபன் வந்து கூப்பிடுகிறவரை.

மீதி லீவு முழுக்கக் குழந்தை அவள் பின்னாலேயே சுற்றியது. குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. திரும்பும் நாளில் பேருந்து கிளம்பி வளைவில் மறைந்ததும், அம்மா இனிமேல் பஸ்ஸில் இருப்பாளா, போனில் இருப்பாளா என்று அப்பாவிடம் கேட்டதாம். ரூபன் அன்றிரவே அதை மெர்சியிடம் போனில் சொன்னார்.

இப்போது ப நடந்துகொண்டிருக்கிறது. வாளி, டம்ளர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ப. ஜெனிஷா சீக்கிரமாகப் பிடித்துக்கொள்கிறாள் என்று அங்கன்வாடி டீச்சர் பாராட்டினாராம். நல்ல செய்திதானே என்றேன். மெர்சி தலையாட்டினாள். “நல்லதுதானுங்க. எல்லா எழுத்தும் தெரிஞ்சு போச்சுன்னா அப்பறம் எதைத் தேடச் சொல்லறது? போனை வெச்சுப்போட்டு வெளையாடப் போயிருமுங்க” என்றாள். தன் பேச்சு தனக்கே பிடிக்காததுபோல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த எழுத்தை அவள் இன்னும் தொடங்கவில்லை.

நேற்று மேகம் கட்டியிருந்தது. துணி எடுக்க மேலே போனேன். வழக்கத்துக்கு மாறாக மெர்சி தரையில் உட்கார்ந்திருந்தாள், போன் மடியில் கிடந்தது. திரையில் எழுத்தும் இல்லை, ஜெனிஷாவும் இல்லை. வெறும் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. அசையவேயில்லை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. விளையாடிக் களைத்த பிள்ளை போனைப் பக்கத்தில் மல்லாத்தி வைத்துவிட்டு அப்படியே தூங்கியிருக்கிறது. சின்ன மூச்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ரூபன் பாத்திரம் கழுவுவதும் லேசாகக் கேட்டது.

முதல் துளி விழுந்தது. நனைந்துவிடுவாய், கீழே வா என்று சொல்ல வாயெடுத்தேன். மெர்சி தோளில் கிடந்த துண்டை உருவிப் போனுக்கு மேலே குடைபோலப் பிடித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள்.