காவியத்தில் மூழ்கிய என் தம்பி

என் தம்பி லார்கஸ் பாடுஸ் ஆற்றில் பத்தொன்பது வருடம் படகு ஓட்டியவன். அவன் படகிலிருந்து ஒரே ஒரு கழுதைதான் ஆற்றோடு போயிருக்கிறது; மனிதர் ஒருவரும் போனதில்லை. இடது கையில் இரண்டு விரல் கிடையாது, கயிறு அறுத்தது.

ஒரு வெள்ளத்தில் சிக்கிய சிப்பாயை அவன் முதுகில் சுமந்து கரை சேர்த்தான். இருவரும் பிழைத்தார்கள். கரையில் நின்று பார்த்தவர்களில் ரோமாபுரியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கவிஞரும் உண்டு. பழைய போர் ஒன்றைப் பற்றிக் காவியம் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வசந்தத்தில் அதை ஊர் மண்டபத்தில் வாசித்தார். அதில் லார்கஸ் என்ற படகோட்டி, இடக்கையில் மூன்றே விரல், தளபதியைக் கரையில் தள்ளிவிட்டுத் தான் மூழ்கிப்போகிறான். கூட்டம் அழுதது. நானும் அழுதேன். லார்கஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் குயவர் டிட்டியுஸ் அவனைத் தன் வாசலிலேயே மறித்தார். பத்து நாளில் அவர் மகளுக்கும் இவனுக்கும் கல்யாணம்.

"நில்லு மாப்ள. செத்துட்டான்னு ஊரறியச் சொன்ன ஆளு வாசல் வழியா வரக்கூடாது. கூரை ஏறி இறங்கு. இல்லேன்னா பொண்ணு கிடையாது."

"மாமா, நேத்து மண்டபத்துல உங்க கையிலருந்துதானே கடலை வாங்கித் தின்னேன்!"

"பொணம் தின்னுச்சுன்னு நெனச்சுக்கறேன்."

போரில் இறந்ததாகச் செய்தி வந்து, பிறகு உயிரோடு திரும்புகிறவர்களுக்கு எங்களிடம் அதுதான் வழக்கம். காவியத்துக்கும் அது பொருந்துமா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. டிட்டியுஸுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

நான் கவிஞரிடம் போய் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். காவியம் இன்னும் எழுத்தர்களிடம் நகலுக்குப் போகவில்லை; மாற்ற நேரமிருந்தது.

"உன் தம்பி கேட்டா பொழைக்க வச்சிடறேம்மா. ஆனா அப்புறம் யாரு அழுவா?" என்றார்.

வீட்டுக்கு வந்து லார்கஸிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாத்த வேணாம்க்கா."

"கிறுக்காடா உனக்கு? கல்யாணம் நின்னு போகும்."

"நான் நெசமா செத்தா இவ்ளோ பேரு அழுவாங்களா? அப்படியே இருக்கட்டும். ஏணி எங்க?"

டிட்டியுஸ் வீட்டு முற்றத்தின் மேல் திறந்திருக்கும் கூரை வழியாகக் கயிற்றில் தொங்கி இறங்கினான். உடைந்தவை ஏழு ஓடுகள். ஒன்பது என்று டிட்டியுஸ் சொல்வது பொய். மழைநீர்த் தொட்டிக்குள் முழங்கால் நனைய நின்றவனை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப சரி. வா, சாப்பிடு."

காவியம் ஒரு வரிகூட மாறாமல் நகலுக்குப் போனது. கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது.