பூக்கட்டிப் பார்த்த குளிசை

எனக்கு இதய இரத்தக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வலை வைத்த பிறகு, கிளினிக்கில் ஒரு டொக்டரம்மா ஆராய்ச்சியொன்றில் சேரச் சம்மதமா என்று கேட்டார். குழாய் மறுபடி அடைக்காமலிருக்கப் புதிய குளிசை வந்திருக்கிறதாம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெறுங்குளிசை.

“எனக்கு எது டொக்டர்?”

“எனக்கும் தெரியாது ஐயா. தெரிஞ்சா ஆராய்ச்சி பழுதாப் போயிரும். வழமையான குளிசையெல்லாம் ரெண்டு பகுதிக்கும் உண்டு. அத மட்டும் விட்டிராதீங்க.”

தெரியாது என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்னவர்களை எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில்கூட நான் கண்டதில்லை. பிள்ளையாருக்குத் தெரிந்தால் போதும் என்று ஒப்பமிட்டேன்.

என் மனைவிக்கு அது போதவில்லை. அவருக்குத் தெரியுமென்றால் அவரையே கேட்போம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை அமிர்தகழிப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கலியாணம், காணி என்று எதற்கும் எங்கள் ஆட்கள் பூக்கட்டிப் பார்க்கிறதுதான்: சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து சுவாமி முன் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. சிவப்பென்றால் மருந்து, வெள்ளையென்றால் வெறுங்குளிசை.

வெள்ளை வந்தது.

“என்ன மச்சான், இண்டைக்குக் கோதுமை மாக்குளிசை முழுங்கியாச்சா?” என்று மனைவியின் அண்ணன் தினமும் கேட்கத் தொடங்கினார். அவள் சிரிக்கவில்லை. மருந்தில்லாத மனுசனைத் தானே காப்பாற்றுவதென்று இறங்கிவிட்டாள். கருவாடு போனது. பால்சொதி போனது. எருமைத் தயிர்ச் சட்டி வாசல் படலையோடு திரும்பிப் போனது. விடியற்காலையில் வாவிக்கரையால் என்னை நடக்கவிட்டு, பிள்ளையார் பெயரை முணுமுணுத்தபடி பின்னால் வருவாள். நான் நின்றால், “என்ன, என்ன விட்டுட்டுப் போகவா பாக்கிறீங்க?” என்பாள். அந்தக் குரலுக்குப் பயந்தே நடந்தேன்.

அடுத்த கிளினிக்கில் பிரஷரும் இறங்கியிருந்தது, இரத்தக் கொழுப்பும் இறங்கியிருந்தது. டொக்டரம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், புதுக் குளிசைதான் வேலை செய்கிறது என்று நினைத்தாற்போலிருந்தது.

“அது வெறுங்குளிசை டொக்டர். நாங்க பாத்திட்டம்,” என்றாள் மனைவி.

அவர் பதறிப்போனார். “ஆரம்மா சொன்னது?”

“பிள்ளையார். பூக்கட்டிப் பாத்தனாங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் விளக்கினார்: யாருக்கு எது என்று மனுசர் தீர்மானிப்பதில்லை, பக்கம் பாராமல் கொம்பியூட்டர்தான் குலுக்கி எடுக்கும்.

“அப்ப அதுவும் பூக்கட்டித்தானே பாத்திருக்கு! என்ன, கும்பிடாமப் பாத்திருக்கு.”

டொக்டரம்மா பேனையை எடுத்து, சாப்பாட்டில் மாற்றமுண்டா என்று கேட்டார். மனைவி கருவாட்டிலிருந்து தொடங்கினாள். அவர் எழுதி முடிக்க நேரமாயிற்று. நாளைக்கு இந்தக் குளிசை நல்லதென்று உலகத்துக்கு அறிவித்தால், அதில் என் மனைவியின் பங்கை எந்தக் கணக்கில் கழிப்பார்களோ தெரியாது.

“அம்மாவுக்குப் பயமெண்டா ஐயா ஆராய்ச்சியால விலகலாம். எப்பவும் விலகலாம்,” என்றார்.

எனக்கு நாக்கில் தயிர் ஊறியது. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திவிட்டாள்.

“வேணாம் டொக்டர். விலக்கினா, சுகமாயிற்றன் எண்டு இவர் அண்டைக்கே கருவாடு கேப்பார். இந்த மாக்குளிசையே இருக்கட்டும்.”