ஐலியின் கோழிகளுக்குச் சுடுகல்

ஐலி அக்கா மகா பிடிவாதக்காரி. அறுபத்தெட்டு வயதில், அக்டோபர் கடைசியில், கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தெற்கே நகரத்தில் இருக்கும் மகன் ரிஸ்தோ ஓடி வந்தான்.

"கோழியையெல்லாம் அறுத்துட்டு என்கூட வந்துரும்மா."

"பதினோரு கோழியும் மார்ச் வரைக்கும் உசிரோட இருந்தா நான் இங்கதான். ஒண்ணு செத்தாலும் உன்கூட வந்துர்றேன், போ."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்றுதான் பக்கத்து வீட்டுக்காரியான நான் நினைத்தேன். அவள் கோழிக் கொட்டகைக்கு மின்சாரம் கிடையாது. எங்கள் குளிரில் கோழித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் பனிக்கட்டியாகிவிடும். தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் தின்னாது. ஒற்றைக் கையால் எத்தனை தடவைதான் சுடுதண்ணீர் சுமப்பாள்?

சமையலறை அடுப்பில் நாலு கல்லைச் சுட்டுத் தண்ணீர்ச் சட்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். சீக்கிரமே ஆறிப்போயின. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வீட்டு சௌனாவிலிருந்து, அதாவது கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிக்கும் மரக்குடிலிலிருந்து, புகை வந்தது. எங்கள் ஊரில் சௌனா சனிக்கிழமைதான். செவ்வாயில் புகை என்றால் யாரோ விருந்தாளி என்று துண்டோடு போய் நின்றேன். எதிர்வீட்டு ஆர்மஸ் எனக்கு முன்னாலேயே பீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"யாரு வந்திருக்கா, அக்கா?"

"யாரும் வரலடி லெம்பி. கோழிங்களுக்குத்தான்."

"கோழி குளிக்கப்போகுதா?" என்று ஆர்மஸ் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சௌனா அடுப்பின் மேல் குவிந்திருந்த கற்களை இடுக்கியால் வாளியில் எடுத்துச் சறுக்குவண்டியில் இழுத்துப் போனாள். மணல் நிரப்பிய தொட்டியில் அவற்றைப் புதைத்து மேலே சட்டியை வைத்தாள். மறுநாள் விடிந்தபோதும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஆனால் தினம் சௌனா மூட்டினால் எந்த விறகு தாங்கும்? டிசம்பர் பாதியிலேயே விறகு அடுக்கு அரைவாசியாகிவிட்டது.

"நம்ம ஏழு வீட்லயும் சனிக்கிழமையேதான் மூட்டணும்னு யாரு சட்டம் போட்டா?" என்றார் ஆர்மஸ். "ஆளுக்கொரு நாள் வெச்சுக்குவோம். குளிச்சு முடிஞ்சதும் சுட்ட கல்லு ஐலி கோழிங்களுக்கு."

எல்லோரும் சரி என்றார்கள், நான் ஒருத்தியைத் தவிர. வாரம் முழுக்க வேலை செய்து சனிக்கிழமை குளித்துப் பழகியவள் நான். கோழிகளுக்காக என் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பதா என்று எரிச்சலாக வந்தது. செவ்வாய் எனக்கு ஒதுக்கிய நாள். நான் மூட்டவில்லை.

புதன் காலை ஏதோ கேட்க ஐலி அக்காவின் கோழிக் கொட்டகைக்குப் போனேன். சட்டி உறைந்து கிடந்தது. புள்ளிக் கோழி ஒன்று கண்ணை மூடி மூலையில் ஒடுங்கியிருந்தது. ஐலி அக்கா அதை மடியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கரண்டியால் துளித்துளியாக அலகில் விட்டுக்கொண்டிருந்தாள். வெட்கத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்றைக்கே என் சௌனாவை மூட்டினேன். அடுத்த செவ்வாய்களிலும் தவறவில்லை. புள்ளிக் கோழி பிழைத்துக்கொண்டது.

மார்ச் முதல் வாரத்தில் ரிஸ்தோ காலிப் பெட்டிகளோடு வந்தான். கோழிகளை இரண்டு முறை எண்ணினான்; பதினொன்றும் இருந்தன. கையுறையைக் கழற்றிச் சட்டியில் விரலை விட்டுப் பார்த்தான்.

"உறையவே இல்லியேம்மா!"

"இன்னிக்கு வியாழன். ஆர்மஸ் வீட்ல சௌனா" என்றாள் அவள். "போய் குளிச்சுட்டு வா. வரும்போது கல்லை இழுத்துட்டு வந்துரு."

ஒரு மணி நேரம் கழித்து, முகம் சிவந்து, தலைமுடியில் ஆவி பறக்க, சறுக்குவண்டியை இழுத்தபடி வந்து கேட்டான்:

"கல்லை எங்க கொட்டணும்மா?"