வெள்ளிக் கூஜா படத்தின் கண்ணாடி

ஹார்லெமில் இருக்கும் எங்கள் சின்ன மியூசியத்துக்கு வருகிறவர்கள் ஹெர்மீனைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். ஏழாம் அறையின் காவலாளி, ஐம்பத்தெட்டு வயது. எப்போது பார்த்தாலும் ஒரே படத்தின் முன்னால் நிற்பாள். அடேயப்பா, என்ன கலைப் பித்து என்று வியப்பார்கள். பித்துதான், மறுக்கவில்லை. ஆனால் கலையின் மேல் இல்லை.

அந்தப் படத்தில் கன்னங்கரேலென்ற இருட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளிக் கூஜாவும் பாதி தோல் சீவிய எலுமிச்சையும் இருக்கும். அதன் கள்ளத்தனம் முழுவதும் ஹெர்மீனுக்கு அத்துப்படி. எலுமிச்சை மேல் உட்கார்ந்திருக்கும் ஈ, வரைந்த ஈ. துப்புரவு வேலைக்கு வந்த கோரி முதல் நாளே "சீ, போ சனியனே!" என்று துணியை வீசி அதை விரட்டப் பார்த்தாள். கூஜாவின் வயிற்றை உற்றுப் பார்த்தால் ஒரு ஜன்னல் தெரியும், ஜன்னலோரம் அரிசி அளவில் தூரிகையோடு ஒரு ஆள். வரைந்தவர் தன்னையே அங்கே ஒளித்துவைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கெல்லாம் ஹெர்மீன் இதைக் காட்டுவாள்.

காட்டாத ஒன்றும் இருந்தது. படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அத்தனை கறுப்புக்கு மேல் கண்ணாடி என்றால் அது நிலைக்கண்ணாடிதானே! கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், முதுகுக்குப் பின்னால் இருக்கும் வாசலும், வாசலைத் தாண்டி எட்டாம் அறையும் அதில் தெரியும். அங்கே நாற்காலியில் அந்த அறையின் காவலாளி லூபெர்ட் உட்கார்ந்திருப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். வாயைப் பொத்திக் கொட்டாவி விடுவார். பன்னிரண்டு வருஷமாக அவள் அதைத்தான் பார்த்தாள்.

திரும்பி நேரே பார்த்தால் என்னவாம்? லூபெர்ட் மனைவியை இழந்தவர். ஹெர்மீன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வீடுகூட இரண்டு தெரு தள்ளித்தான். குறுக்கே நின்றவர் யாருமில்லை, இவளுடைய பாழாய்ப்போன கூச்சத்தைத் தவிர. போதாக்குறைக்கு மியூசியத்தின் விதி வேறு. அடுத்தடுத்த அறைக்காரர்கள் ஒன்றாகக் காபிக்குப் போகக்கூடாது. ஒருவர் போனால் மற்றவர் வாசலில் நின்று இரண்டு அறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அவர்கள் பேசியதெல்லாம் "நான் போயிட்டு வந்துடறேன்", "சரி, போயிட்டு வாங்க" என்ற இரண்டு வாக்கியம்தான்.

இந்த வருஷம் லூபெர்ட் ஓய்வு பெறுகிறார், நாட்டின் வடகோடியில் மகள் இருக்கும் க்ரோனிங்கனுக்கே குடிபோகிறார் என்று கோரிதான் வந்து சொன்னாள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்தக் கடைசி வாரமாவது கண்ணாரப் பார்த்துவிடலாம் என்று ஹெர்மீன் நினைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றால், கண்ணாடியில் லூபெர்ட்டைக் காணோம். கூஜா பளிச்சென்று இருந்தது, ஈயின் கால் மயிர்கூடத் தெரிந்தது. இயக்குநர் பின்னாலேயே வந்து பெருமைப்பட்டார்.

"பிம்பமே விழாத கண்ணாடி, ஹெர்மீன்! நேத்துதான் மாட்டினோம். எப்படி இருக்கு?"

"பழசே நல்லாத்தான் இருந்தது."

"என்னம்மா இது, உங்களுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும்னு நெனச்சேன்!"

ஹெர்மீன் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு கண்ணாடிக்காகவா அழுவது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடைபெறுகிறவர்தான் கேக் கொண்டுவர வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். லூபெர்ட் ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். எல்லோரும் கீழே கைதட்டியபோது ஹெர்மீன் வாசலில் நின்று அவருடைய அறையையும் சேர்த்துக் காவல் காத்தாள். திரும்பி வந்தவர் தன் நாற்காலிக்குப் போகாமல், நேரே ஏழாம் அறைக்குள் நுழைந்து படத்தின் முன்னால் நின்றார்.

"கண்ணாடிய மாத்திட்டாங்க."

"ஆமா."

"நாலு நாளா உங்க முகமே தெரியல."

"என் முகமா?"

"நீங்க நின்னா உங்க ரெண்டு கண்ணும் அந்தக் கறுப்புல தெரியும். என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்." லூபெர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அட கிறுக்கா, அவங்க படத்தைப் பார்க்கிறாங்கன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். பன்னிரண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். படத்தைத்தானே பார்த்தீங்க?"

அவர் தனக்குத் தெரிகிற வழியிலேயே தானும் அவருக்குத் தெரியக்கூடும் என்று ஒரு நாளாவது இவளுக்குத் தோன்றியிருக்கக் கூடாதா! ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், மானம் பிழைக்கும். அவர் போய்விடுவார்.

"படத்தையெல்லாம் மொத வாரமே பார்த்து முடிச்சாச்சு, லூபெர்ட்."

அவருடைய காது மடல் சிவந்தது.

"இன்னிக்குக் காலையில வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன்," என்றார். "சாமானெல்லாம் போயிடுச்சு. ராத்திரி பேத்தி அங்க ஸ்டேஷனுக்கு வந்து நிப்பா."

"தெரியும்."

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன், ஹெர்மீன்."

"நானும் அங்கேயேதான் இருந்தேன்," என்றாள் அவள், நேராக அவர் முகத்தைப் பார்த்து.