கை வைக்காத எஞ்சின்

எங்கள் மோட்டார் சைக்கிளை விற்றவர் அதைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தைதான் சொன்னார். "தம்பி, இது கை வைக்காத எஞ்சின்." நானுஓயா ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே அவர் வீடு. ஓய்வு பெற்ற மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் கையில் இருந்த காலம் முழுவதும் எந்த மெக்கானிக்கும் அந்த எஞ்சினைத் திறந்ததில்லை, ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை என்று அர்த்தம். பழைய வண்டி விற்கிற எல்லோரும் சொல்கிற பேச்சுதான் இது. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். என் கணவருக்கு மட்டும் அது வேதவாக்காகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே விரதம் எடுத்தவர்போலச் சொல்லிவிட்டார். "இத்தனை வருஷமா யாரும் கை வைக்கல. நம்ம கையால அது கெட்டுப்போயிறக் கூடாது."

எஞ்சின் ஒயில் மாற்றுவதும் கை வைப்பதுதான் என்பது அவர் கட்சி. கீழே இருக்கிற நட்டைக் கழற்றினால்தானே பழைய ஒயில் வெளியே வரும்? கழற்றிவிட்டால் பிறகு எந்த வாயால் கை வைக்காத எஞ்சின் என்று சொல்வது? ஆனால் மேல் மூடியைத் திறந்து அவ்வப்போது கொஞ்சம் ஊற்றிக்கொள்வார். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"வாயில ஊத்தலாம். வயித்தத்தான் அறுக்கக் கூடாது."

"ரெண்டு பிள்ளையும் எனக்கு வயித்த அறுத்துத்தான் எடுத்தாங்க," என்றேன். "நான் இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அதான் ஒனக்கு அடிக்கடி இடுப்பு வலிக்குது," என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

இவர் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மஸ்கெலியா டவுனில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற கடையில்தான் வேலை. ஊர் முழுவதற்கும் எஞ்சின் ஒயில் விற்கிறவர் அவர்தான். சங்கிலிக்கு இதைப் பூசுங்கள், பிரேக் கட்டையை இப்போதே மாற்றுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார். ஊருக்குத்தான் உபதேசம். ஏன் என்று கேட்டால், அந்தக் கடையில் நின்று அவர் கற்றுக்கொண்ட பாடத்தைச் சொல்வார். "எஞ்சினத் திறந்தவன் எல்லாம் திரும்பத் திரும்ப சாமான் வாங்க வந்துக்கிட்டே இருக்கான். திறக்காதவன் ஒருத்தன்கூட எங்க கடைக்கு வந்ததில்ல தெரியுமா?" 

வெளிப்புறத்துக்கு நடந்த உபசாரம் தனி. ஞாயிறுதோறும் குளிப்பாட்டு. என் ஷாம்பு, என் பழைய சேலைத் துண்டு. வண்டி புதிதாக வந்தபோதே சுற்றியிருந்த பொலித்தீனை சீட்டிலிருந்து எடுக்கவே விடவில்லை. மழைநாளில் அதன் மேல் உட்கார்ந்தால் நான் வழுக்கிக்கொண்டு அவர் முதுகில் மோதுவேன், இறக்கத்தில் இன்னும் வேகமாக மோதுவேன்.

ஆனால் இறக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த நாட்கள் குறைவு. எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் டவுனுக்குச் சற்று முன்னால். அவர் கடைக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவார் என்பது ஏற்பாடு. ஏற்றம் வந்தால் வண்டி இழுக்காது. "கொஞ்சம் எறங்கிக்க," என்பார். இறக்கம் வந்தால் பிரேக் பிடிக்காது. "கொஞ்சம் எறங்கிக்க," என்பார். சமதரையில் மட்டும்தான் எனக்குச் சவாரி. எங்கள் மலையில் சமதரை என்று இருப்பது கோவில் வாசலும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களமும்தான். மற்ற இடமெல்லாம் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் நான் நடந்து போவேன்.

சங்கிலி காய்ந்துபோய் கறகறவென்று சத்தம் போடும். புகை நீலமாக வரும். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு எங்களைப் பார்ப்பது காலை நேரத்துக் கேளிக்கை.

"டீச்சரம்மா, வண்டிக்கு வழி காட்டிக்கிட்டுப் போறீங்களா, வண்டி ஒங்களுக்கு வழி காட்டுதா?"

நானும் சிரித்துவைப்பேன். மனதுக்குள் எரியும். வகுப்புக்குள் போகும்போது கால் முழுக்கச் சேறு, முகம் முழுக்கக் கரி. பிள்ளைகள் முன்னால் அப்படிப் போய் நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் டிவிஷனிலேயே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே, ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் மணி அடித்தால் எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். அங்கே எனக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டால் வீட்டு வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். பயணக் கஷ்டம் என்று காரணம் எழுதி விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. மறுபடியும் விண்ணப்பித்தேன். மறுபடியும் இல்லை. காரணம் இரண்டு முறையும் ஒன்றுதான்: வீட்டில் சொந்த வாகனம் உள்ளது.

அந்தக் கடிதத்தை வாசித்தபோது என் கணவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். இதிலும் இல்லை என்றால் இனி எழுதிப் பயனில்லை என்று எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரே சொல்லிவிட்டார். பஸ்ஸில் போகிறேன் என்றேன். என் கணவர் விடவில்லை.

"வண்டிய வீட்டுல வச்சுக்கிட்டு பஸ்ல போனா பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

எனக்குச் சட்டென்று ஒரு புத்தி தோன்றியது. போகட்டுமே. வழியில் நின்றுவிடும். சேறும் புகையுமாக, நேரம் தவறி அலுவலகத்துக்குள் நான் போய் நின்றால் அதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா? வெளிர் நிறச் சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டேன். கரி பட்டால் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா.

அன்றைக்கு அந்த வண்டி ஓடிய ஓட்டம்! ஏற்றத்தில் இழுத்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்தது. ஒரு இடத்திலும் என்னை இறங்கச் சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருந்து வராமல் போனது. அலுவலகக் கதவைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் போய் நின்றோம். என் சேலையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் பெட்ரோல் டாங்கியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நேர்முகம் செய்த அதிகாரி நல்ல பருமனான, சாந்தமான மனிதர். என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"டீச்சர், வீட்டுல மோட்டர் சைக்கிள் இருக்குன்னு போட்டிருக்கே."

"இருக்கு சேர். ஆனா ஓடாது."

"அப்ப இன்னிக்கு எதுல வந்தீங்க?"

என் மடியில் ஹெல்மெட் இருந்தது. அதை இருவரும் பார்த்தோம்.

அதற்குள் வாசலில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. ஓடாது என்ற சொல் காதில் விழுந்ததைத் தாங்க முடியாமல் வந்தார்.

"மன்னிக்கணும் சேர். அப்பிடிச் சொல்லப்படாது. நல்லா ஓடும். கை வைக்காத எஞ்சின்."

அங்கேயே பூமி பிளந்து நான் உள்ளே போயிருக்கலாம். இல்லை, நான் ஏன் போக வேண்டும், அவர் போயிருக்கலாம்.

அதிகாரி நிதானமாக எழுந்து வெளியே வந்தார். "எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்." இவர் ஒரே மிதி மிதித்தார். குளிர்காலத்தில் அரைமணி நேரம் மிதித்தாலும் இருமிவிட்டுப் படுத்துக்கொள்கிற வண்டி, எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. என் இடமாற்றம் அந்தப் புகையோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய டிரைவர் அன்று வரவில்லையாம். மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் இருக்கிறதாம்.

"இவ்வளவு நல்லா ஓடுதே, என்னய அங்க விட்டுட்டு வந்துருங்களேன்? டீச்சர், வந்து மிச்சத்தப் பேசுவோம்."

என் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். அது அவர் தலைக்குள் இறங்காமல் உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டது. பொலித்தீன் சீட்டில் ஒருமுறை வழுக்கி, என் கணவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். போனார்கள்.

நான் வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி நேரம் போனது. சாப்பாட்டு நேரமும் போனது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கோவிலுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். என்னவென்று நேர்வது? என் புருஷன் வண்டி உடையட்டும் என்றா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நேர்ந்துகொண்டேன்.

கடைசியில் ஒரு கொழுந்து லொறி வந்து நின்றது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து அதிகாரி இறங்கினார். முழங்கால்வரை சேறு, மூக்கில் கரி. பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளைப் படுக்க வைத்து, அதன் தலைமாட்டில் என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை அவரே பிறகு சொன்னார். முதல் ஏற்றத்தில் வாய்ப் பழக்கத்தில், "சேர், கொஞ்சம் எறங்கிக்கங்க," என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி வேடிக்கையென்று சிரித்திருக்கிறார். அடுத்த இறக்கத்திலும் சொன்னபோது சிரிக்கவில்லை. அதற்கடுத்த ஏற்றத்தில் யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கிவிட்டார். கடைசியில் அதிகாரி முன்னால் நடந்துகொண்டிருக்க, வண்டி அவரை எட்டிப் பிடிக்க முடியாமல், கடக்கென்று ஒரு சத்தத்தோடு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் லொறியை மறித்து இவர்களை ஏற்றிவிட்டார்கள்.

அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். என் விண்ணப்பத்தை எடுத்தார். "வாகனம் நேரில் பரிசோதிக்கப்பட்டது. இடமாற்றம் அவசியம்," என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனாவை மூடியபிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், இத்தனை நாளா நீங்க எப்பிடித்தான்..."

முடிக்கவில்லை. அந்த ரோட்டில் நான் நடந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். எப்படி என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியைப் பிறகு வேறு லொறியில் எடுத்துவர ஏற்பாடு செய்திருந்தோம். அவர் சட்டையில் கொழுந்து ஒட்டியிருந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எனக்குக் கிடைத்துவிட்டது, அவருக்குப் போய்விட்டதே என்று மனது இளகிவிட்டது. நானே சொன்னேன்.

"விடுங்க. கராஜ்ல குடுத்துத் திறந்து செஞ்சுக்கலாம்."

அவர் முகம் மெல்லத் தெளிந்தது. இவ்வளவு நேரமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எதுக்குத் திறக்கணும்? ஒனக்குத்தான் இனி நடக்கிற தூரமாச்சே. வண்டி எதுக்கு? அப்பிடியே இருக்கட்டும்."

"அப்ப நீங்க கடைக்கு?"

"நடந்துக்கிறேன்."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னபடியே செய்தார். இப்போது நான் வீட்டிலிருந்து தேத்தண்ணி குடித்து முடித்து, முதல் மணி அடித்த பிறகு சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போகிறேன். அவர் அதற்கு வெகு முன்பே எழும்பி, இறுகிப்போன வண்டியைத் துடைத்து, பொலித்தீனைச் சரியாக இழுத்துவிட்டு, சோற்றுப் பார்சலும் குடையுமாக அந்த ரோட்டில் நடக்கிறார். அதே ஏற்றம், அதே இறக்கம். அதே பெண்கள்.

"ஐயா, வண்டி எங்கங்க?"

"வீட்டுல நல்லா இருக்கு," என்கிறாராம்.

மழைநாளில் அவர் குடை வளைவில் மறைகிறவரை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாவமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் கூப்பிட்டு நிறுத்துகிற அளவுக்கு இல்லை.