பொதுக்கிணற்றுப் பாட்டு

கிரேன் சுமையைத் தூக்கியதுமே கார்மேகத்தின் வாய் ஒரு மெட்டை முனகத் தொடங்கிவிடும். இரும்பு உத்திரம் அந்தரத்தில் ஆட, கீழே நின்று கைகாட்டியபடி முனகுவார். அது தரையில் உட்கார்ந்ததும் மெட்டும் பாதியில் நின்றுவிடும். "வாய் சும்மா இருந்தா கை நடுங்குதுய்யா" என்பார்.

சவுதியின் அல் கோபாரில் கட்டட சைட் வேலை. ஊர் ராமநாதபுரம் பக்கம். வெயிலைத் திட்டுவார், கம்பெனிச் சோற்றைத் திட்டுவார். தலைக்குமேல் தொங்கும் இரும்பிடம் மட்டும் "ஆத்தா, பாத்து வா" என்று மரியாதை. மெட்டு அவருடையதல்ல. கிரேக்க ஃபோர்மேன் ஸ்தாவ்ரோஸ் பாடப் பாடக் கேட்டு ஒட்டிக்கொண்டது.

எழுபத்துநாலாம் வருஷக் கோடையில் சைப்ரஸ் தீவில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் சண்டை மூண்டது. ஸ்தாவ்ரோஸும் கிரேன் ஓட்டும் துருக்கிக்காரர் ஒர்ஹானும் அத்தோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். வேலை உத்தரவிலிருந்து உப்புக் கிண்ணம் வரை எல்லாம் கார்மேகத்தின் கை வழியாகத்தான். "இவுக ரோசத்துக்கு நடுவுல தொங்குறது என் தலதான்" என்று அறைக்கூட்டாளி வைரவனிடம் புலம்புவார். நியாயமான பயம். இருவரில் ஒருவர் கோபத்தில் பிசகினாலும் நசுங்கப்போவது அவர்தான்.

ஒருநாள் என்ஜின் நின்றுபோய் உத்திரம் பாதியில் மாட்டிக்கொண்டது. பிடித்திருந்த கயிற்றைக் கார்மேகம் விட்டால் அது சுழன்று சாரத்து ஆட்கள்மேல் மோதும். பயத்தில் முனகல் உரத்த பாட்டாகிவிட்டது. கிரேனிலிருந்து ஒர்ஹான் தலையை நீட்டினார்.

"பாய்! யே மேரா மதர் கானா!" தன் அம்மாவின் பாட்டாம் அது.

"மாஃபி! மை மதர்!" இல்லவே இல்லை, என் அம்மாவுடையது என்று ஸ்தாவ்ரோஸ் கீழிருந்து பாய்ந்தார்.

நிரூபிக்க வேண்டுமே! மேலே ஒருவர் துருக்கியில், கீழே ஒருவர் கிரேக்கத்தில் பாடினார்கள். சொல் வேறு, வளைவும் நெளிவும் அச்சு அசல் ஒன்று. மூன்றாம் அடியில் தங்களை அறியாமல் சேர்ந்தே பாடிவிட்டு, திகைத்து நிறுத்தினார்கள்.

"பங்காளிக நெலத்தப் பிரிச்சாலும் கெணறு பொதுதான்யா! மொதல்ல இத எறக்குங்க!" என்று கார்மேகம் தமிழிலேயே கத்தினார்.

என்ஜின் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. உத்திரம் பூப்போல இறங்கியது. கார்மேகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதியம் மெஸ்ஸில் ஒர்ஹான், தட்டைப் பார்த்தபடியே, தன் தாய் பிறந்த ஊர் துருக்கியின் இஸ்மிர் என்றார். ஸ்தாவ்ரோஸ் கார்மேகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அவர் தாயும் அங்கே பிறந்து, அகதியாகக் கடல் தாண்டிக் கிரேக்கம் வந்தவள்தானாம்.

ஒர்ஹான் குப்பூஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை வழக்கம்போலக் கார்மேகத்திடம் நீட்டி, ஸ்தாவ்ரோஸ் பக்கம் முகவாயை அசைத்தார். கார்மேகம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.