அண்ணன் கழற்றி வைத்த சிலிண்டர் ஹெட்

“...அந்த ஹெட்ட மாட்டினா சத்தம் மாறிடும்னு நீதானே தம்பி சொன்னே? அப்பால அவரு வந்தா எனக்கு எப்புடித் தெரியும்?”

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அண்ணனின் மோட்டார் சைக்கிளை ஓட வைத்துவிடலாம் என்று நான் ஸ்பேனரை எடுத்தபோது அண்ணி இப்படிக் கேட்டார்.

எங்கள் அண்ணன் வரதய்யபாளையத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா காலமானபோது அவர் எட்டாம் வகுப்பு. படிப்பு அதோடு சரி. புத்தூரில் மெக்கானிக் வேலை பழகி, என்னைப் படிக்க வைத்து, தங்கைக்கு மணம் முடித்த பிறகே தமக்கென்று ஒரு ஷெட் போட்டார். எண்ணெய் மாற்றாமல் ஓட்டி வருபவரிடம், “வண்டிக்கு வாய் இருந்தா மொதல்ல உன்னத்தான்யா திட்டும்” என்பார். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே மறுபடியும் அவரைத் தேடி வந்தார்கள்.

நைனா விட்டுப்போன அந்தப் பழைய வண்டியை மட்டும் யார் கையிலும் தரமாட்டார். தெருமுனையில் அது திரும்பும் சத்தம் கேட்டுத்தான் அண்ணி அடுப்பில் தோசைக்கல்லை வைப்பார்.

சென்ற ஆண்டு அதன் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். ரேணிகுண்டா லேத்தில் வால்வு உட்காரும் வளையங்களைப் புதிதாகப் போட்டார். காற்று போகும் வழியை எமரித்தாளால் வழவழப்பாக்கினார். இழுவை கூடட்டும் என்று அடிப்பக்கத்தைச் சிறிது சீவக் கொடுத்தார். அது லேத்திலிருந்து வருவதற்குள் நெஞ்சுவலி. திருப்பதி மருத்துவமனையில் மூன்று நாள். “ஹெட்டு வந்தா எண்ணெ தடவி வைடா, துரு புடிச்சிக்கினா போச்சி” என்றதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

இன்றும் சாயங்காலம் அண்ணி கல்லை அடுப்பில் வைக்கிறார். வண்டி வரும் சத்தம் கேட்கிறது என்கிறார். ஹெட் இல்லாத வண்டியோ ஷெட்டில் நிற்கிறது. நானும் இரண்டு முறை கேட்டேன். எழுத எனக்கு வெட்கமில்லை. முதல் முறை எழுந்து போய் வாசல் கேட்டைக்கூடத் திறந்தேன்.

மருத்துவமனையில் உடனிருந்த நண்பர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த தெருவாருக்கும், அண்ணன் சொன்ன அளவு பிசகாமல் மிச்ச வேலையை முடித்துத் தந்த லேத்துக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

ஸ்பேனரை எடுத்த அன்று அண்ணியிடம் நான் சொன்னது ஒன்றுதான். கோனை அருவிக்குப் போகும் மேட்டில் வண்டி இரண்டு பேரை இழுக்காது. ஒவ்வொரு முறையும் அண்ணிதான் இறங்கி நடப்பார். “உங்க அண்ணி இனிமே எறங்கக் கூடாதுடா” என்று சொல்லித்தான் அண்ணன் அந்த ஹெட்டைக் கழற்றினார்.

அண்ணி முந்தானையால் பின் சீட்டின் தூசியைத் துடைத்தார். ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, முன்னால் தோள் இருக்க வேண்டிய உயரத்தில் கையை வைத்தார்.